கண்ணாடித் தொட்டியில் கடல்

என் மேசைக்குப் பக்கத்தில் 60 லிட்டர் கடல் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு, பிறகுதான் என்னை நலம் விசாரிக்கிறார்கள். இரண்டு கோமாளி மீன்கள், நாலைந்து நத்தைகள், ஒரு துறவி நண்டு, கொஞ்சம் பாறை, கொஞ்சம் மணல். அவ்வளவுதான். "இதை வைப்பது ரொம்பக் கஷ்டமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தொடங்கினால் நான் சிசிலித் தீவுக்கும் லண்டனுக்கும் போய்விடுவேன். கேட்டவர் காபியைக் குடித்து முடித்து எழுந்துவிடுவார். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

தொட்டியைக் கேட்டது என் பேரன். 2022-ல், அவனுக்கு ஒன்பது வயது. தொட்டி, வடிகட்டி, உப்பு, மீன் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினோம். "மூன்று நாள் தண்ணீர் ஓடட்டும், அப்புறம் மீனை விடலாம், ஒன்றும் ஆகாது" என்றார் கடைக்காரர். விட்டோம். ஒன்பதாவது நாள் காலையில் நான்கு மீன்களும் மிதந்தன. தண்ணீரோ கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. பேரன் அழவில்லை. "தாத்தா, நாம் என்ன தப்பு செய்தோம்?" என்று மட்டும் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு விஷயம் புரியவில்லை என்றால் பழைய கோப்பை எடுத்து முதல் தாளிலிருந்து படிப்பதுதான் எங்கள் வழக்கம். இந்த விஷயத்திலும் அப்படித்தான் செய்தேன். முதல் தாளிலேயே ஒரு பிரெஞ்சுப் பெண்மணி இருந்தார்.

பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குத் தெரியும், பிரான்சின் மாவட்டங்களையும் அவற்றின் தலைநகரங்களையும் நாங்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்போம். கொர்ரேஸ் என்றால் துய்ல். இதைச் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடத்தில், அதே கொர்ரேஸ் மாவட்டத்தில் ழுய்யாக் என்ற சிற்றூரில் 1794-ல் பிறந்த ழான் வில்ப்ரெ என்ற பெண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எழுபது வயதுக்கு மேல்தான் அவரை நான் சந்தித்தேன்.

எளிய குடும்பம். பதினெட்டு வயது வாக்கில், 400 கிலோமீட்டருக்கு மேல் உள்ள பாரிசுக்கு நடந்தே போனார் என்கிறார்கள். அங்கே தையல் வேலை. கை நல்ல கை. 1816-ல் சிசிலி இளவரசி ஒருத்திக்கும் பிரெஞ்சு அரச குடும்பத்துப் பிள்ளைக்கும் நடந்த திருமணத்துக்கு மணப்பெண்ணின் உடையில் பூவேலை செய்தவர் இவர். அதன் மூலம் ஜேம்ஸ் பவர் என்ற வணிகரின் அறிமுகம் கிடைத்து, 1818-ல் சிசிலியின் மெசினா நகரில் அவரை மணந்தார். ஊசி பிடித்த கை அதன் பிறகு வலையையும் கண்ணாடியையும் பிடித்தது. தீவு முழுக்கச் சுற்றிச் செடி, பூச்சி, சிப்பி, கடலுயிர் என்று எல்லாவற்றையும் குறித்து வைத்தார். இயற்கை அறிவியலில் அவருக்கு யாரும் பட்டம் கொடுத்திருக்கவில்லை, தானாகப் படித்துக்கொண்டதுதான்.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கு தீராமல் கிடந்தது. ஆர்கோநாட் என்று ஒரு உயிர். நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்பார்களே, எட்டுக் கைகள் கொண்டது, அந்த இனம். இதன் பெண் மட்டும் காகிதம்போல் மெல்லிய, அழகான ஓர் ஓட்டுக்குள் வாழும். அந்த ஓடு இதுவே செய்துகொண்டதா, அல்லது துறவி நண்டு செத்த சங்குக்குள் குடியேறுவதுபோல வேறோர் உயிரின் ஓட்டைப் பிடித்துக்கொண்டதா? அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து பேசப்பட்ட உயிர் இது. பெரிய பெரிய அறிஞர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். எல்லோரும் சாராயத்தில் ஊறவைத்த செத்த உடலைப் பார்த்துத்தான் வாதாடினார்கள்.

ழான் நினைத்தது எளிமையானது: உயிரோடு வைத்துப் பார்த்தால் என்ன? 1832-ல் அதற்காக அவர் மூன்று விதமான தொட்டிகளைச் செய்தார். ஒன்று, வீட்டுக்குள் வைத்துக் கடல் நீரை மாற்றி மாற்றி ஊற்றும் கண்ணாடித் தொட்டி. இரண்டாவது, கூண்டுக்குள் வைத்த கண்ணாடித் தொட்டி, ஆழமில்லாத கடலில் இறக்கி ஏற்றலாம். மூன்றாவது, பெரிய உயிர்களுக்காகக் கடலிலேயே நங்கூரமிட்டு நிறுத்திய பெரிய கூண்டு. அவற்றில் ஆர்கோநாட்டை வளர்த்தார். ஓட்டில் ஒரு துண்டை உடைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த உயிர் தன் அகன்ற கைகளால் தடவித் தடவி உடைந்த இடத்தை மூடிவிட்டது. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் வளர வளர ஓடும் உண்டாவதைப் பார்த்தார். வழக்கு தீர்ந்தது. ஓடு அதன் சொந்தச் சம்பாத்தியம்தான்.

கத்தானியா நகரத்து அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. பின்னால் அவர் சிசிலியை விட்டுப் புறப்பட்டபோது, அவருடைய சேகரிப்புகளிலும் குறிப்புகளிலும் பெரும்பகுதியை ஏற்றிய கப்பல் கடலில் மூழ்கிவிட்டது. கடலிலிருந்து எடுத்ததைக் கடலே திரும்ப வாங்கிக்கொண்டது. 1858-ல் ரிச்சர்ட் ஓவன் என்ற பெரிய ஆங்கில அறிஞர் இந்தத் தொட்டிகளின் முதல் பெருமை இந்த அம்மையாருக்கே என்று எழுதினார். 1871-ல், பிரஷ்யப் படைகள் பாரிசை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், பிறந்த ஊரான ழுய்யாக்கில் இறந்தார். வெள்ளிக் கோளில் ஒரு பள்ளத்துக்கு இப்போது அவர் பெயர் இருக்கிறது.

ஆனால் ழானுக்கு ஒரு வசதி இருந்தது: வாசலிலேயே சுத்தமான கடல். தண்ணீர் கெட்டால் மாற்றிக்கொள்ளலாம். கடல் இல்லாத ஊரில் கடல் உயிரை எப்படி வைப்பது? அந்தக் கேள்விக்கு அடுத்து வந்தவர் லண்டன் பெண்மணி அன்னா தைன். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் உயர் பதவியிலிருந்த பாதிரியாரின் மனைவி. 1846-ல் டார்க்கி கடற்கரைக்குப் போனபோது அங்கே குளிர்நீரில் வாழும் சிறு பவளங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, ஒரு பெரிய கடற்பஞ்சில் ஊசி நூலால் தைத்து, கடல் நீர் நிரப்பிய ஜாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். தைத்து என்றுதான் சொல்கிறேன். வழியில் உருண்டு அடிபடக் கூடாது என்பதற்காக. இந்த வரலாற்றில் ஊசி இரண்டாம் முறை வருவதைக் கவனியுங்கள்.

லண்டனில் புதுக் கடல் நீர் தினம் கிடைக்காது. இருந்த நீரையே திறந்த ஜன்னலருகே ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயரத் தூக்கி ஆற்றி ஆற்றி, காற்றுக் கலக்கச் செய்தார்கள். நாம் டீ ஆற்றுவதுபோல. ஒரு தடவைக்கு அரை மணி, முக்கால் மணி நேரம். ஆற்றியது அன்னா அம்மையார் அல்ல, பெரும்பாலும் அவர் வீட்டு வேலைக்காரப் பெண். அந்தப் பெண்ணின் பெயர் எந்த வரலாற்றிலும் எனக்குக் கிடைக்கவில்லை. உலகத்தின் முதல் காற்றுப் பம்பு அவள் கைகள்தான் என்று நான் சொல்வேன். பிறகு அன்னா கடற்பாசிச் செடிகளையும் உள்ளே வைத்தார். பவளங்கள் மூன்று ஆண்டு வாழ்ந்தன, குட்டியும் போட்டன.

அதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொன்று நடந்தது. கண்ணாடிக்கு இருந்த வரியை 1845-ல் எடுத்துவிட்டார்கள். கண்ணாடி மலிந்தது. வரியில் ஒரு வரி திருத்தினால் ஜனங்களின் வீடு எப்படி மாறும் என்பது என்னைப்போன்ற அரசாங்கக் குமாஸ்தாவுக்குத்தான் தெரியும்! 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல் அறிஞர், ஒரு நன்னீர்த் தொட்டியில் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் வைத்து, தண்ணீரே மாற்றாமல் வாழ வைத்துக் காட்டினார். மீன் விடும் மூச்சைச் செடி வாங்கிக்கொள்ளும், செடி விடுவதை மீன் வாங்கிக்கொள்ளும், அழுகலை நத்தை தின்னும். இதைச் சமநிலை என்றார். பிறகு கடல் நீரிலும் முயன்றார்.

மூன்றாவதாக வந்தவர் ஃபிலிப் ஹென்றி காஸ். 1853-ல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் திறந்த மீன் இல்லத்தில் அவர் பங்கு உண்டு. அதுதான் உலகின் முதல் பொது மீன் காட்சியகம். அக்வேரியம் என்ற சொல்லை ஊரறியச் செய்ததும் 1854-ல் அந்தப் பெயரிலேயே வந்த அவர் புத்தகம்தான். அவர் இன்னொரு காரியமும் செய்தார். கடல் நீரை ஆய்ந்தவர்களின் கணக்கைப் பார்த்து, சமையல் உப்பு, பேதி உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கை மட்டும் நல்ல தண்ணீரில் கரைத்துச் செயற்கைக் கடல் நீர் தயாரித்தார். இன்று நான் கடையில் வாங்கும் உப்புப் பொட்டலத்துக்கு அதுதான் பாட்டன்.

அதன் பிறகு இங்கிலாந்தில் ஒரு பைத்தியமே பிடித்தது. நடுத்தர வீடுகளின் கூடத்திலெல்லாம் கடல் தொட்டி. பத்துப் பதினைந்து ஆண்டில் அது அடங்கியும் போயிற்று. ஏன் என்றால் பெரும்பாலான வீடுகளில் என் பேரனுக்கு நடந்ததுதான் நடந்தது. தெளிந்த தண்ணீரில் செத்த மீன்.

அடங்குவதற்குள் இன்னொரு கேடும் நடந்துவிட்டது. காஸின் புத்தகங்களைப் படித்த ஜனங்கள் கூடையும் உளியும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினார்கள். பாறைக் குழிகளில் இருந்த கடற்சாமந்திகளையும் பவளங்களையும் பெயர்த்து எடுத்தார்கள். ஆயிரமாயிரம் ஆண்டாக யார் கண்ணும் படாமல் இருந்த குழிகள் சில வருடங்களில் காலியாகிவிட்டன. இதைச் சொன்னவர் வேறு யாருமில்லை, காஸின் மகன் எட்மண்ட். 1907-ல் எழுதிய தன் இளமைக்கால நினைவு நூலில், அந்தக் கரைகளின் அழிவையும், அது தன் தந்தைக்குத் தந்த வேதனையையும் பதிந்திருக்கிறார். ஆசையோடு காட்டிக்கொடுத்தவராலேயே அது அழிந்தது. இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைச் சிறிது நேரம் மூடி வைத்துவிட்டேன்.

பேரனின் கேள்விக்கு வருகிறேன். மீன் ஏன் செத்தது?

மீனின் கழிவிலிருந்தும் மீந்த தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் தெளிவாகவே இருக்கும், ஆனால் விஷம். கடலில் இது ஏன் யாரையும் கொல்வதில்லை? 1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், முய்ன்ட்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய ஒரு நீண்ட குழாயில் சாக்கடை நீரை மெல்ல மெல்ல இறங்கவிட்டார்கள். முதல் 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போன அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அதன் பிறகு அம்மோனியா குறைந்து, நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபாரம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. அப்படியானால் இதைச் செய்வது வெறும் ரசாயனம் அல்ல, மணலில் குடியேறிய ஏதோ ஓர் உயிர்.

இதைக் கேட்டு இங்கிலாந்தில் மேலும் ஆராய்ந்தவர் ஒரு வேளாண் வேதியியல் அறிஞர். வேலை இரண்டு கட்டமாக நடக்கிறது என்று அவர் காட்டினார்: அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷமே, நைட்ரைட்டை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்கும், அது அவ்வளவு கெடுதல் இல்லை. இவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். நான் முதலில் பெயரைத் தவறாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். இல்லை. சமநிலைத் தொட்டி வைத்தாரே, அந்த வாரிங்டனின் மகன். தொட்டிக்குள் மீன், செடி, நத்தை என்று மூன்றை அப்பா எண்ணினார். அங்கே நான்காவதாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டமும் வேலை செய்துகொண்டிருந்தது என்பதை மகன் கண்டார். அப்பா 1867-லேயே இறந்துவிட்டார்; மகன் சொல்லிக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. 1890-ல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்து வளர்த்தார்.

நாங்கள் செய்த தப்பு இதுதான். ஷ்லோசிங்கின் குழாய்க்கு 20 நாள் தேவைப்பட்டது. நாங்கள் மூன்று நாள் கொடுத்தோம்.

மீதி வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்ட் என்றொருவர், காட்சித் தொட்டியைவிடப் பல மடங்கு பெரிய இருட்டுத் தொட்டி ஒன்றைக் கீழே வைத்து, நீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார். 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் திறந்த மீன் காட்சியகம் அப்படி அமைந்தது. நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் நிறுவிய கடலாய்வு நிலையத்தின் காட்சியகமும் 1874-ல் திறந்தது. மொனாக்கோவில் இளவரசர் முதலாம் ஆல்பெர் 1910-ல் கடலியல் அருங்காட்சியகத்தைத் திறந்தார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1909-ல், நம் சென்னை மெரினாவில் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள். இந்தியாவில் அதுதான் முதலாவது. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி. அந்தக் காலத்தில் பட்டணம் பார்க்கப் போனவர்கள் செத்த காலேஜ், உயிர்க் காலேஜ் இரண்டையும் பார்த்துவிட்டு இதையும் பார்த்துத் திரும்புவார்கள். என் தந்தையார் சிறுவயதில் அங்கே கடல் பாம்பைப் பார்த்துப் பயந்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் அதை மூடினார்கள்.

மீன் வைக்கத் தெரிந்த பிறகும், வெப்பக் கடல் பவளத்தை வைக்க வெகுகாலம் யாராலும் முடியவில்லை. அதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் ஆசியக்காரர். ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங், பெரிய வடிகட்டி எதுவும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துப் பவளத்தையும் மீனையும் வாழவைத்து, 1961-ல் அதை எழுதினார். உயிர்ப்பாறை என்றால் பாறைக்கு உயிர் என்பதில்லை. அதன் துளைகளுக்குள் வாரிங்டன் மகன் சொன்ன கூட்டம் குடியிருக்கிறது. துளையின் ஆழத்தில், காற்றுப் புகாத இடத்தில், வேறொரு கூட்டம் நைட்ரேட்டையும் வெறும் நைட்ரஜனாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. பின்னால் ஜெர்மானியர்கள் இந்தப் பாறையோடு, அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் கருவியையும், பலமான விளக்கையும் சேர்த்துப் பெர்லின் முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விளக்கு எதற்கு என்றால், பவளத்தின் உடம்புக்குள் நுண்பாசிகள் இருக்கின்றன. அவை வெயிலில் சமைத்துப் போடும் சாப்பாடுதான் பவளத்துக்குப் பெரும்பங்கு. மொனாக்கோவில் பிரெஞ்சுப் பேராசிரியர் ழான் ழோபெர், தொட்டியின் அடியில் நீர் மட்டும் நிற்கும் ஓர் இடைவெளி விட்டு, அதன் மேல் தடிமனான மணல் பரப்பி, 1980களில் தன் முறையைக் காட்டினார்.

இவ்வளவையும் படித்துப் பேரனுக்குச் சொன்னேன். மறுபடி தொடங்கினோம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் செய்ததை எழுதுகிறேன்.

தொட்டி அதே 60 லிட்டர்தான். உண்மையில் பெரிய தொட்டிதான் சுலபம். தண்ணீர் அதிகமாக இருந்தால் தவறைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இடம் இருப்பவர்கள் 100 லிட்டருக்கு மேல் வையுங்கள். வெயில் நேராக விழாத, கனம் தாங்கும் மேசையில் வைக்க வேண்டும். நம் கரைத் தண்ணீர் மழைக்கும் ஆற்றுக்கும் தக்கபடி மாறுவதால், நான் ஆர்.ஓ. நீரில் உப்பு கரைக்கிறேன். லிட்டருக்கு 35 கிராம். 60 லிட்டருக்குச் சுமார் 2 கிலோ. அடர்த்தி பார்க்கும் கருவியில் 1.025 காட்ட வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு போகாது, நீர்தான் போகும். ஆகவே குறைந்ததை வெறும் நல்ல நீரால் நிரப்ப வேண்டும், உப்பு நீரால் அல்ல. இதில் தவறுபவர்கள் பலர்.

மணல், பாறை வைத்து, பம்பை ஓடவிட்டு, மீனில்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டோம். அது அழுகி அம்மோனியா ஆகும். கூட்டத்துக்கு அதுதான் உணவு. பரிசோதனைச் சொட்டு மருந்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தோம். முதலில் அம்மோனியா ஏறியது. பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறியது. பிறகு இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் நின்றது. எங்களுக்கு 38 நாள் ஆயிற்று. பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அலுவலகப் பழக்கத்தில் ஒரு பதிவேடு போட்டேன். தேதி, வெப்பம், உப்பு, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், குறிப்பு என்று ஏழு பத்தி. எண்களைப் பேரன் எழுதுவான், நான் கையெழுத்துப் போடுவேன்.

வெப்பம் 25, 26 டிகிரி இருந்தால் நல்லது. நம் மே மாதத்தில் தண்ணீர் 31-ஐத் தாண்டும். குளிரூட்டும் கருவி விலை அதிகம். ஒரு சின்ன மின்விசிறியை நீரின் மேற்பரப்பில் வீசும்படி வைத்தேன். இரண்டு டிகிரிக்கு மேல் இறங்குகிறது. நீர் வேகமாக வற்றும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுகிறோம்.

எல்லாம் தயாரானதும் பேரன் கேட்டான்: "தாத்தா, பவளம் எப்போது வைக்கிறோம்?" அவன் பார்த்த படங்களிலெல்லாம் பவளம் இருக்கிறது. ஒரு கடையில் விசாரித்தபோது, "கல் பவளம் வேண்டுமா, வெளியே வைப்பதில்லை, சொன்னால் வரவழைக்கலாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அப்போதுதான் காஸின் மகன் எழுதியது நினைவுக்கு வந்தது.

டெவன் கரைக்கு நடந்தது நமக்கும் நடந்ததுதான். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் பாம்பன் வரை 21 தீவுகள். அவற்றைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் படகு படகாக வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் பயன்படுத்தினார்கள். நம் பழைய வீடுகளில் எதில் எவ்வளவு பவளம் இருக்கிறதோ, யார் கண்டது! விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்த பாறை போனால் தீவு நிற்காது. 1986-ல் அது கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001-ல் கல் பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. ஒரு விரல் அளவு பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம்.

சட்டத்தைச் சொன்னால் பேரன் ஒப்புக்கொள்வான், ஆனால் மனசு ஆறாது. ஆகவே டெவன் கரையின் கதையைச் சொன்னேன். காலியாகிப் போன குழிகளைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ நம்ம தொட்டியில் பாறை மட்டும் போதும் தாத்தா" என்றான். நாங்கள் வைத்திருப்பது சுட்ட மண்ணில் செய்த துளைப்பாறை. இரண்டு வருடத்தில் அதன் மேல் ஊதா நிறத்தில் பாசி படர்ந்து, பார்ப்பவர்கள் பவளமா என்று கேட்கிறார்கள். மீனும் கடலில் பிடித்ததல்ல. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையத்திலும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையைக் கண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படித் தொட்டியிலேயே பிறந்த மீனைக் கேட்டு வாங்கினோம். அதற்குக் கடற்சாமந்தி இல்லாவிட்டாலும் குறையில்லை; ஒரு பாறை மூலையைத் தன் வீடாக்கிக்கொள்கிறது.

கடைசியாக ஒரு சம்பவம். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் எங்கள் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த இரவு. மின்சாரம் போயிற்று. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு நள்ளிரவு வரை ஓடி நின்றது. வெளியே தெருவெல்லாம் வெள்ளம். எங்கும் போக முடியாது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காற்றில்லாத தண்ணீரில் அவை தாங்காது.

சமையலறையிலிருந்து ஒரு சொம்பை எடுத்து வந்தேன். தொட்டியிலிருந்து மொண்டு, உயரத் தூக்கி, தொட்டிக்குள்ளேயே ஊற்றினேன். மறுபடி மொண்டேன். கை வலித்தபோது என் மனைவி வாங்கினாள். பிறகு பேரன். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மூன்று பேரும் மாறி மாறி, அரை மணி ஊற்றுவது, கால் மணி ஓய்வது என்று விடியும் வரை ஆற்றினோம். லண்டனில் ஜன்னலருகே நின்ற அந்தப் பெயர் தெரியாத பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவள் இதைத் தினம் செய்தாள்; அவளுடைய மீனும் இல்லை, அவளுடைய பவளமும் இல்லை.

பொழுது விடிந்தபோது மழை விட்டிருக்கவில்லை. பேரன் நாற்காலியிலேயே தூங்கிவிட்டான். பதிவேட்டை எடுத்தேன். வெப்பம் 25. உப்பு 1.025. குறிப்பு என்ற பத்தியில் எழுதினேன்: "இரவு மின்சாரம் இல்லை. கையால் ஆற்றப்பட்டது. மீன்கள் 2, உயிருடன்." கையெழுத்துப் போட்டு, பேரன் எழுந்ததும் அவனும் போடுவதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்தேன்.